எதிலிருந்து எதற்கு

அந்த அக்காவின் வீட்டில் பெயர் ஒட்டாத பொருள் ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தரலாம் என்று நான் கேலியாகச் சொல்வதுண்டு. உப்பு டப்பாவில் உப்பு என்று எழுதுவது எல்லார் வீட்டிலும் நடக்கிற காரியம். இவர் வீட்டில் சுவிட்ச் ஒவ்வொன்றின் மேலும் அது எந்த விளக்குக்கு என்று எழுதியிருக்கும். குளியலறைக் குழாய்களில் ஒன்றுக்கு 'போர்', ஒன்றுக்கு 'டேங்கர்'. பாத்திரம் தேய்க்க வரும் பாயிக்காக மராத்தியில் சில, கணவருக்காக ஆங்கிலத்தில் சில, மற்றதெல்லாம் தனக்காகத் தமிழில். மருந்துக்கடையில் காயத்துக்கு ஒட்ட விற்கிற வெள்ளைப் பிளாஸ்திரியை வாங்கி, நறுக்கி, பால்பாயிண்ட் பேனாவால் எழுதி ஒட்டுவார். காயத்துக்கு என்று கேட்டால் அந்த வீட்டில் பிளாஸ்திரி இருக்காது.

நான் திருச்சியிலிருந்து சாஃப்ட்வேர் வேலைக்குப் புனே வந்தவன். லோஹேகாவில், விமானப்படைத் தளத்தின் வேலிக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் வாடகைக்கு இருந்தேன். எனக்கு நேர் மேலே அக்காவும் அவர் கணவரும். கணவர் விமானப்படையில் வாரண்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு அவர் சார். இருவருக்கும் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ஒரே மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

குடிவந்த வாரமே என் மின்சார மீட்டரில் என் பெயர் பிளாஸ்திரியில் ஒட்டியிருந்தது. நன்றி சொல்ல மேலே போய் "ஆன்ட்டி" என்றேன்.

"அந்தச் சொல்லு வேண்டாம் தம்பி. அக்கான்னு சொல்லுங்க. இங்க யாரும் சொல்லுததில்ல."

உண்மைதான். கீழ் வீட்டு மராத்திக் குழந்தைகளுக்கு அவர் காக்கூ. காய்கறி வண்டிக்காரருக்குத் தாயி. தமிழர்கள் கூடும் இடங்களில் வாரண்ட் ஆபீசர் வீட்டம்மா. சார் கூப்பிடுவது "ஏளா". வாசலில் இருந்த பெயர்ப் பலகையில் சாருடைய பெயரும் பதவியும் மட்டும். இத்தனை பொருளுக்குப் பெயர் ஒட்டியவரின் பெயர் எனக்கு வெகுநாள் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

அவர் வாயில் சதா ஒரு கேள்வி இருக்கும். எதுலேருந்து எதுக்கு? கடலை எண்ணெயை டின்னிலிருந்து பாட்டிலுக்கு மாற்றும்போது புனலைப் பிடிக்க என்னைக் கூப்பிடுவார். டின் அவர் இடுப்பில், பாட்டில் தரையில். இதில் என்ன சந்தேகம் வர முடியும்? ஆனாலும் சாய்ப்பதற்கு முன் நிறுத்தி, "எதுலேருந்து எதுக்கு?" என்று கேட்பார். "டின்லேருந்து பாட்டிலுக்கு" என்று நான் ஒப்பித்தால்தான் எண்ணெய் இறங்கும். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடமும் அதே விசாரணைதான், இந்தியில். போர்டைப் படித்துவிட்டுத்தான் ஏறியிருப்பார், இருந்தாலும் கேட்பார்.

சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒருநாள் அந்தக் கேள்வி வந்த காரணத்தைச் சொன்னார். சாருக்கு மாற்றல் வரும்போதெல்லாம் சாமான்களைக் கறுப்புப் பெட்டிகளில் கட்டி ரயிலில் போடுவது வழக்கம். அஸ்ஸாமில் ஜோர்ஹாட்டுக்கு மாற்றலானபோது பெட்டிகளின்மேல் பழைய ஊர், புதிய ஊர் இரண்டின் பெயரும் எழுதியிருந்தது. எது புறப்படுகிற ஊர், எது போய்ச்சேர வேண்டிய ஊர் என்று எழுதவில்லை. பாதி வழியில் யாரோ ஏற்றி அனுப்பிவிட, பெட்டிகள் புறப்பட்ட ஊருக்கே திரும்பிப் போய்விட்டன. மார்கழிக் குளிரில், கைக்குழந்தையோடு, ஒரு போர்வைகூட இல்லாமல் இவர் காலி குவார்ட்டர்ஸில் நின்றார்.

"அதுலேருந்துதான் தம்பி இந்தப் புத்தி" என்றார்.

சார் அப்போது தம் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். எழுதினார் என்றால் சார் சொல்வார், அக்கா தட்டுவார். அக்கா கல்யாணத்துக்கு முன்பே தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். மருமகன் கொடுத்த பழைய லேப்டாப்பில், டைப்ரைட்டர் முறையிலேயே தமிழ் அடிக்கும்படி யாரோ ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார்கள். செய்தவர் எங்கே போனாரென்று தெரியாது. அதனால் அந்த லேப்டாப்பை மாற்றவும் வழியில்லை. தினமும் காலை டிபனுக்குப் பிறகு சார் பால்கனி வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். தளத்திலிருந்து சுகோய் போர்விமானம் கிளம்பினால் பேச்சை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்ப்பார். சத்தம் ஓய்ந்ததும், "ஏளா, எங்க விட்டேன்?" என்பார். அக்கா கடைசி வரியைப் படித்துக்காட்டுவார். வருஷக்கணக்காக இப்படியே ஓடியது.

அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகும்போது வருகிறவர்களுக்கெல்லாம் தாம்பூலத்தோடு புத்தகமும் கொடுக்க வேண்டும் என்பது சாரின் தீர்மானம். அதைவிடப் பெரிய ஆசை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. சிவகாசியில் அச்சகம் பேசி வைத்தாகிவிட்டது.

படித்துப் பார்க்க என்னிடம் கொடுத்தார். லேப்டாப்பில் வைத்தே, அவர் எதிரிலேயே படிக்க வேண்டும். வேறெதிலும் நகல் எடுக்கக் கூடாது. பட்டாளத்தில் ஊறிப்போன பழக்கம் அது. அக்கா எத்தனையோ முறை ஒரு சிடியில் போட்டு வைக்கலாம் என்று கேட்டாராம். "செக்யூரிட்டி, செக்யூரிட்டி. சிடி கை மாறும். அச்சுக்கு முன்னால எவன் கையிலயும் போகக்கூடாது" என்று சார் மறுத்துவிட்டார். தம் சித்தப்பா மகன் படித்துவிட்டு அவருக்கு முன்னால் ஒரு புத்தகம் போட்டுவிடுவான் என்ற பயமும் இருந்தது என்று நினைக்கிறேன்.

நன்றாகத்தான் எழுதியிருந்தார், அதைச் சொல்லியாக வேண்டும். இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறு கண்டுபிடித்த இடமெல்லாம் அருமை. ஆனால் அக்காவைத் தேடினால் கிடைக்கவில்லை. ஜோர்ஹாட் பகுதியில், 'சாமான்கள் தாமதமாக வந்ததால் சற்றுச் சிரமம்' என்று ஒரு வரி. மற்ற மாற்றல்களில், 'குடும்பத்துடன் வந்து சேர்ந்தேன்'. அவ்வளவுதான். சார் குளிக்கப் போயிருந்தபோது அக்காவிடம் கேட்டேன்.

"உங்களப் பத்தி ஒண்ணுமே இல்லையேக்கா?"

"ஏன், இருக்கே. 'குடும்பத்துடன்'னு வருதுல்லா, அது நாந்தான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பை நான் பின்னால் எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் பிடிபடவில்லை.

இதற்கிடையில் லேப்டாப் தளர்ந்துபோனது. சுவிட்சைப் போட்டுவிட்டு அக்கா சப்பாத்திக்கு மாவு பிசைந்து மூடி வைப்பார், அப்புறம்தான் திரை வரும். ஃபைல் திறக்கும்போது உள்ளே கடகடவென்று ஒரு சத்தம் கேட்கும். அக்கா அடித்த எழுத்து திரைக்கு வரக் காத்திருக்கும் நேரத்தில் சாருக்கு அடுத்த வாக்கியம் மறந்துபோகும். "ஏறுச்சாளா?" "இன்னும் ஏறல." "ஏறுச்சா?" காலை முழுவதும் இதே பாட்டு. இப்படியே போனால் அறுபது வயதுக்குள் புத்தகம் முடியாது என்று சார் கலங்கினார்.

நான் பார்த்தேன். கோளாறு ஹார்ட் டிஸ்க்கில். அதை எடுத்துவிட்டு வேகமாகச் சுற்றும் புதிது ஒன்றைப் போட்டு, பழையதில் இருப்பதை அப்படியே புதியதில் நகலெடுத்துவிட்டால் தமிழ் டைப் ஏற்பாடும் மாறாது, புத்தகமும் அங்கேயே இருக்கும். சார் உடனே சம்மதித்தார். நகல் எடுத்ததும் பழைய டிஸ்க்கைச் சுத்தியால் உடைத்துவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு.

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் தப்கீர் கல்லிக்கு நானும் அக்காவும் போனோம். அவ்வளவு பழைய மாடலுக்குப் பொருந்துவது கடையில் ஒன்றுதான் இருந்தது. பழைய டிஸ்க்கின் அளவேதான், வேகம் அதிகம். திரும்பும் பஸ்ஸிலேயே அக்கா கைப்பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்து, 'புதுசு – 2' என்று எழுதி ஒட்டிவிட்டார். வீட்டில் லேப்டாப்பைக் கழற்றியபோது பழையதன் மேல் 'பழசு – 1' ஏறியது. இவரை வைத்துக்கொண்டு தப்பு நடக்க வழியே இல்லை என்று நான் மனதார நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. புது டிஸ்க்கை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து லேப்டாப்போடு இணைத்து, நகலெடுக்கும் சிடியைப் போட்டேன். அதற்கு முன், புத்தகத்தை மட்டும் என் பென் டிரைவில் ஒரு நிமிஷம் வைத்துக்கொள்ளட்டுமா என்று சாரிடம் கேட்டேன். "நஹி" என்றார். நீலத் திரையில் இரண்டு டிஸ்க்கும் இரண்டு வரியாக வந்தன. மேலே எதிலிருந்து, கீழே எதற்கு என்று அது கேட்கும், நாம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அக்காவுக்கு விளக்கினேன்.

அக்காவின் முகம் மலர்ந்தது. "நம்ம கேள்வியைல்லா கேக்குது" என்றார்.

அப்போது சுகோய்ச் சத்தம் கட்டடத்தையே உலுக்கியது. "தம்பி, இங்க வாங்க, ஜோடியாப் போகுது பாருங்க" என்று சார் பால்கனியிலிருந்து கூப்பிட்டார். நான் வந்து தேர்ந்தெடுக்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு எழுந்து போனேன். அவை கண்ணை விட்டு மறைந்து, சார் அவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்து நான் திரும்பியபோது, திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல வளர்ந்துகொண்டிருந்தது.

"போட்டுட்டேன் தம்பி. ஓடுது."

"சரியாப் பாத்தீங்களாக்கா?"

"பாக்காமயா போடுவேன்?"

அக்காவிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

அன்று மதியம் சொதி. திருநெல்வேலிக்காரர் வீட்டில் சொதி என்றால் விசேஷம். தேங்காய்ப்பால் மூன்று தடவை பிழிந்து, இஞ்சித் துவையல் அரைத்து, உருளைக்கிழங்கு வறுத்து, அரை நாள் வேலை இழுக்கும்.

"இன்னைக்கு எதுக்குளா சொதி?" என்று சார் கேட்டார்.

"புதுசு வருதுல்லா" என்றார் அக்கா.

சார் உற்சாகமாகச் சாப்பிட்டார். திருக்கடையூரில் முதல் பிரதி அண்ணனுக்கு, அடுத்தது பழைய ஸ்குவாட்ரன் நண்பருக்கு, அதற்கடுத்தது சம்பந்திக்கு என்று திட்டம் போட்டுக்கொண்டே இருந்தார். அக்கா மறுபடி மறுபடி சொதி ஊற்றினார். எங்கள் முதுகுக்குப் பின்னால் பச்சைக் கோடு வளர்ந்து முடிந்தது.

புதியதை உள்ளே பொருத்தி சுவிட்சைப் போட்டேன். டிஸ்க்கில் ஒன்றும் இல்லை என்று திரை சொன்னது. பழையதைத் திரும்பப் பொருத்தினேன். அதுவும் அதையே சொன்னது. எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. நகல் போயிருப்பது தலைகீழாக. காலியாக இருந்ததை எடுத்து நிறைந்திருந்ததன் மேல் எழுதியிருக்கிறது. ஒரு புள்ளி விடாமல், வெகு ஒழுங்காக.

அழிந்ததை மீட்க அலுவலக நண்பர்களிடமெல்லாம் கொண்டுபோய்ப் பார்த்தேன். மீட்க ஒன்றும் மிச்சமில்லை என்றார்கள். அதைச் சொன்னபோது சார் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து பால்கனிக்குப் போய் உட்கார்ந்தார். ஒரு சுகோய் போயிற்று. தலை நிமிரவில்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு டிஸ்க்கையும் மடியில் வைத்துப் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் 1, 2ன்னு எழுதுனேன் தம்பி. அது 0, 1ன்னு எழுதியிருக்கு" என்றார். அழுதார். அந்த அழுகையில் பொய் இருந்தது என்று யார் சொன்னாலும் நான் ஒப்ப மாட்டேன்.

அவர் சொன்னதும் உண்மைதான். கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணும். அக்காவின் 1 அதற்கு 0. அக்காவின் 2 அதற்கு 1. திரையில் 1 என்று பார்த்ததும் பழசு என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். யாருக்கும் வரக்கூடிய தவறு, சரி. ஆனால் யாருக்கும் வரக்கூடிய தவறு அக்காவுக்கு எப்படி வந்தது? திரையில் 2 என்று ஒன்று இல்லவே இல்லையே, அப்போதாவது கை நின்றிருக்க வேண்டாமா? எண்களுக்குப் பக்கத்திலேயே தயாரித்த கம்பெனியின் பெயர் இருந்தது. பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கடைசி எழுத்துவரை படிக்கிறவர் அவர். தவிர, அந்தப் புரோகிராம் கடைசியில் ஒரு கேள்வி கேட்கும். இதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று. அதற்கு யாரோ சம்மதம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்று. அதற்கு முந்தைய வாரம்தான் லேப்டாப்பில் இருந்த பேத்தியின் போட்டோக்களை மட்டும் ஒரு சிடியில் போட்டுத் தரச் சொல்லி அக்கா என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். "போட்டோவுக்குச் செக்யூரிட்டி கிடையாதாம். அவுககிட்ட கேட்டுட்டேன்" என்றார். இதை நினைத்தால் சந்தேகம் வலுக்கும். மறுநிமிஷம் வேறொன்று தோன்றும். அந்தப் புத்தகத்தில் அவர் பேர் இல்லைதான். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் அவர் விரல் வழியாக வந்தது. தோள்பட்டை வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு அடித்தது. தன் உழைப்பைத் தானே யாராவது அழிப்பார்களா? அப்படியென்றால் சொதி எதற்கு? புது டிஸ்க்குக்கெல்லாம் ஒருத்தர் சொதி வைப்பாரா? வைப்பார், அக்கா வைக்கக்கூடியவர்தான். இப்படி எனக்குள்ளேயே கட்சி கட்டி நான் பல நாள் அலைந்தேன்.

ஒருநாள் மாடிப்படியில் சார் என்னை நிறுத்தினார். சவரம் செய்யாத முகத்தோடு அவரை அதற்குமுன் பார்த்ததில்லை.

"தம்பி, அவ வேணும்னு செய்வாளா?"

"செய்ய மாட்டாங்க சார்."

"செய்ய மாட்டா" என்றார். இரண்டு படி இறங்கி நின்றார். "தெரியாமலும் செய்ய மாட்டாளே. அதான் எனக்கு ஒண்ணும் விளங்கல."

அறுபதாம் கல்யாணம் புத்தகம் இல்லாமலேயே நடந்தது. போட்டோவில் சார் மாலையோடு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கேமராவை நேராகப் பார்த்தார்.

திரும்பி வந்ததும் எல்லாம் அப்படியே கைவிடப்பட்டது என்றுதான் நினைத்தேன். அந்தத் தமிழ் டைப் சமாச்சாரத்தை எங்கெங்கோ தேடி வாங்கிவந்து, புது டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தேன். சும்மா இருக்கட்டும் என்றுதான். சில வாரங்கள் கழித்து ஒரு விடுமுறை நாளில், சாவியை அவர்களிடம் கொடுத்துவிட்டு வெளியே போகலாமென்று மேலே ஏறினேன். கதவு திறந்திருந்தது. சாரின் குரல் கேட்டது. பழைய கம்பீரம் இல்லை, தட்டித் தடவிப் பேசினார்.

"ஜோர்ஹாட்ல இறங்கும்போது... சாமான் லேட்டா வந்துச்சு. கொஞ்சம் சிரமம். போடு."

தட்டும் சத்தம் வரவில்லை.

"ஏளா, ஏறலியா?"

"ஏறும். நீங்க அப்ப அங்க இல்ல" என்றார் அக்கா. "எங்கள இறக்கிவிட்டுட்டு அன்னைக்கே டூட்டிக்குப் போயிட்டிய. எட்டு நாள் கழிச்சுத்தான் வந்திய."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் மனமில்லை.

"அப்படியா?" என்றார் சார். முந்தைய பிரதி கையில் இருந்திருந்தால் அதைத் திறந்து பார்த்துத் தாம் சொல்வதே சரி என்றிருப்பார். இப்போது பார்க்க ஒன்றுமில்லை. "அப்ப நீ என்ன செஞ்ச?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அதை அவர் கேட்டதே இல்லை என்பது அக்கா பதில் சொல்லத் தொடங்கிய விதத்திலேயே தெரிந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னார். பிள்ளையைச் செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் தன் சேலையைச் சுற்றியதை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டி, பாஷை தெரியாமல் கையால் காட்டிப் போர்வை கேட்டதை. பிள்ளைக்கு இழுப்பு வந்த ராத்திரி, தனியாக ஆஸ்பத்திரிக்கு நடந்ததை. குரல் எங்கும் உடையவில்லை.

ஒரு விமானம் கிளம்பியது. அது போனபின் சார், "எங்க விட்டேன்?" என்று கேட்கவில்லை. "அதைப் போடு" என்றார்.

"எப்பிடிப் போட?"

"நீ சொன்னாப்புலயே போடு. உம் பேரு சொல்லிப் போடு." பெயரையும் சொன்னார். அந்தப் பெயரை நான் கேட்டது அன்றுதான்.

விசைகள் தட்டத் தொடங்கின. நான் சாவியைக் கொடுக்காமலே கீழே வந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் எனக்குச் சென்னைக்கு மாற்றலானது. மூட்டை கட்ட அக்கா கீழே வந்தார். அட்டைப்பெட்டி ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி, 'புனேலேருந்து சென்னைக்கு' என்று எழுதினார். ஒன்றைக்கூட எழுதாமல் விடவில்லை. இனிக் கேட்க வாய்ப்பு வராது என்று எனக்குத் தோன்றியது. கடைசிப் பெட்டிக்கு வந்தபோது கேட்டுவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு நீங்க வேணும்னுதான் போட்டீங்களா?"

அக்கா பேனாவை மூடினார். ஒட்டிய பிளாஸ்திரியின் ஓரம் எழும்பியிருந்தது, அதைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். மாடியிலிருந்து "ஏளா, வாரியா?" என்று சாரின் குரல் கேட்டது.

"இப்பம் நல்லா வேகமா ஓடுது தம்பி" என்றார் அக்கா. பிளாஸ்திரிச் சுருளை எடுத்துக்கொண்டு படியேறிப் போனார்.